சனிக்கிழமைக்கு ஒன்பது பேர் வேண்டும்

மேடையில் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, பாதிரியார் அவர்களே, எங்கள் பரிங்கல் கால்பந்துக் கழகத்தின் தலைவர் அவர்களே, கூட்டம் நடத்த இடமில்லாமல் தவித்த எங்களுக்கு இந்த மண்டபத்தை இரவல் தந்த ரக்பி கழகத்து அன்பர்களே, அரவைக் காலம் என்றும் பாராமல் கரும்பாலையில் முறை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் தோழர்களே, பெற்றோர்களே, பின்வரிசைப் பிள்ளைகளே! எல்லோருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

என் பெயர் கிளாரி வெட்மோர். கழகத்தில் நான் கடிகாரம் பார்த்துச் சங்கு ஊதுகிறவன். ஆட்டம் தொடங்க ஓர் ஊது, முடிய ஓர் ஊது. பதினெட்டு வருடமாக அதுதான் என் வேலை. மேடை எனக்குப் புதிது. கை நடுங்குகிறது, மன்னியுங்கள். அம்மையார் நோலீன் ஹாஸ்கர்ட் இருந்திருந்தால், "யோவ் கிளாரி, செத்தது நானு, நீ எதுக்குய்யா நடுங்குற?" என்று கேட்டிருப்பார்.

நடுங்குகிறேன் அம்மா. காரணம் இருக்கிறது. இன்று புதன்கிழமை. நடுவில் இரண்டே நாள். அப்புறம் சனிக்கிழமை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யார் இந்த நோலீன் ஹாஸ்கர்ட்? உங்கள் வீட்டுப் பெட்டியில் கடிதம் போட்ட தபால்காரி. வேறு யார்? எங்கள் கழகத்தின் இளையோர் பிரிவுத் தலைவர், பயிற்சியாளர், வேன் ஓட்டுநர், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர், சட்டை துவைக்கிறவர். தெற்கே பிறந்தவர். அங்கே ஆஸ்திரேலிய விதிக் கால்பந்துதான் ஆட்டம், மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. இங்கே வடக்கே? இங்கே ரக்பிதான் ஆட்டம், எங்களுடையது கேலிப்பொருள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் நகரமன்றத்தில் நின்று, "நாலு கம்பம் நட ஒரு எடம் குடுங்க" என்று கேட்டபோது சபையே சிரித்தது. இதோ, மூன்றாவது வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறாரே டீனோ ஸ்கராபெல்லி, ரக்பி இளையோர் பயிற்சியாளர், அவரும் சிரித்தவர்தான். "நாலு கம்பமா? குறி தப்புனாக்கூட மார்க் போடுற ஒரே ஆட்டம் உங்க ஆட்டம்தாம்மா!" என்றார். நடுக் கம்பங்களைத் தப்பி ஓரக் கம்பத்துக்குள் போனாலும் எங்களுக்கு ஒரு புள்ளி உண்டே, அதைத்தான் குத்திக்காட்டினார். இல்லை என்று சொல்லுங்கள் டீனோ, பார்ப்போம்!

நோலீன் என்ன சொன்னார் தெரியுமா? "ஆமாய்யா. தப்புறவனுக்கும் வீட்டுல சோறு போடுவோம்ல?" அவ்வளவுதான். இடம் கிடைத்தது. கரும்பாலைக்குப் பின்னால், பாதி வருடம் தண்ணீர் தேங்கும் இடம். இருந்தாலும் இடம்.

பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடித்தார்? தபால் வண்டியில் எப்போதும் ஒரு பை மாம்பழம் இருக்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் நிற்பார். "டேய், புடி!" ஒரு பழம் பறக்கும். ஒதுங்குகிறவன் ஒதுங்குவான். ஒற்றைக் கையால் தட்டுகிறவன் தட்டுவான். எவன் எகிறி, தலைக்கு மேலே, இரண்டு கையாலும் பிடிக்கிறானோ அவன் பெயர் நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிடும். அவன் அம்மாவுக்கு அன்று மாலையே கடிதம் இல்லாமல் தபால்காரி வருவார்! அப்படிப் பிடித்த பிள்ளைகளில் மூன்று பேர் இன்று தெற்கே பெரிய பயிற்சிக் கூடங்களில் ஆடுகிறார்கள். மாம்பழத்தால் வந்த பிள்ளைகள்! ஒருமுறை தெற்கிலிருந்து ஒருவர் திறமை தேடி வந்தார். "இந்த ஊர்ல என்னம்மா இருக்கப் போகுது?" என்று கேட்டார். "திறமை கொட்டிக் கெடக்கு. காலையில எழுப்பிக் கூட்டிட்டு வரத்தான் ஆள் இல்ல" என்றார் நோலீன். அப்போது அது எனக்கு வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

எல்லாக் கழகங்களும் சேர்ந்த எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிரணிக்கு ஆள் குறைந்தால் நம் பிள்ளைகளை இரவல் கொடுப்போம். இரண்டு பக்கமும் ஆள் சமமாக வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டும், அதற்குத்தான். மற்ற பயிற்சியாளர்கள் யாரைக் கொடுப்பார்கள்? உட்கார்ந்தே இருக்கிறவனை. நோலீன் தன் சிறந்த ஆட்டக்காரனைக் கொடுப்பார். "ஏம்மா, அவன்தானே நமக்குக் கோல் அடிக்கிறவன்?" என்று நான் மேசையிலிருந்து கத்துவேன். "அதான்யா குடுக்குறேன். மோசமானத யாராவது இரவல் குடுப்பாங்களா?" என்பார். அதனால் எத்தனை ஆட்டம் தோற்றோம்? ஏராளம். நான் எழுதிவைத்திருக்கிறேன், வேண்டாம்.

அதோடு விட்டாரா? இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளம் வந்ததே! டீனோவின் பிள்ளைகளில் பாதிப் பேர் ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். வெளியூர் ரக்பி அணி வந்து இறங்கிவிட்டது. ஆடாவிட்டால் மானம் போகும். நோலீன் என்ன செய்தார்? எங்கள் பிள்ளைகள் எட்டுப் பேரை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய் ரக்பி மைதானத்தில் இறக்கினார்! "இன்னிக்கு ஒருநாள் பந்தப் பின்னாடிதான் எறியணும். முன்னாடி எறிஞ்சா தப்பு. சிரிக்காம ஆடுங்க" என்றார். "நம்ம பிள்ளைகளை அவங்க வளைச்சுப் போட்டுக்குவாங்களேம்மா?" என்றேன். "போறவன் போகட்டும்யா. திரும்பி வர்றதுக்குக் கதவு தொறந்திருக்கணும், அவ்ளோதான்" என்றார். இரண்டு பேர் போனார்கள், திரும்பி வரவில்லை. அதையும் மறைக்க மாட்டேன்.

போன வருட அரையிறுதியை மறந்தீர்களா? யாரால் மறக்க முடியும்! ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம். என் கடிகாரத்தில் இருபது விநாடி. பந்து, எங்கள் அணிக்கும் ஆட வந்திருந்த டீனோவின் மகள் ரெனாட்டா கையில். எதிரே ஒரு குருவிகூட இல்லை, கம்பங்கள் மட்டும்தான். நடு இரண்டு கம்பத்துக்கு இடையே காலால் அடித்தால் ஆறு புள்ளி. அடித்தால் வெற்றி! பதினொரு வயதுப் பிள்ளை ஓடினாள். ஓடினாள், ஓடினாள், கம்பத்தையும் தாண்டி ஓடினாள், பந்தைப் பத்திரமாகத் தரையில் வைத்து மேலே படுத்தாள்! ரக்பியில் அப்படித்தானே செய்ய வேண்டும்? நடக்கத் தெரிந்த நாள் முதல் அப்பா சொல்லிக் கொடுத்தது அதைத்தானே? கையில் கொண்டுபோனால் எங்கள் ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. நான் சங்கு ஊதினேன். சமன்!

மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன், என் வாயில் மண் விழ. பிள்ளை எழுந்திருக்கவே இல்லை. டீனோ அவளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு, "இனிமே இந்தப் பக்கம் வரமாட்டோம்" என்று கிளம்பிவிட்டார். அன்று மாலை தபால் வண்டி ஸ்கராபெல்லி வீட்டு வாசலில் நின்றது. நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நோலீன் படியேறிப் போய்ச் சொன்னார்: "டீனோ, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். அவ ஒதைச்சு, அது வெளிய போயிருந்தா நாங்க தோத்திருப்போம். நீங்க சொல்லிக் குடுத்ததால ஒரு புள்ளி நிச்சயமா வந்துச்சு. எங்களக் காப்பாத்துனது உங்க பாடம்தான்."

டீனோ ஒரு நிமிடம் முறைத்தார். அப்புறம் வீடு அதிரச் சிரித்தார். வாசலிலேயே கை கொடுத்துப் பேச்சு முடிந்தது. ரக்பிப் பயிற்சி வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் ஆட்டம் சனிக்கிழமை காலை. ரெனாட்டாவும் தம்பி எத்தோரேயும் இரண்டும் ஆடலாம். காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை, வாய்ப்பேச்சுதான்.

அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரர் போன வியாழக்கிழமை, பள்ளிக்கூட வாசலில், மாம்பழப் பையோடு சாய்ந்துவிட்டார். ஐம்பத்தேழு வயது. போகிற வயதா அது?

இனி என் பங்குக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இறங்கினால் நான் மனுசனில்லை.

பதினெட்டு வருடமாகச் சனிக்கிழமை காலையில் நான் மைதானத்தில் மேசை போட்டு உட்காருவேன். ஒன்பதே முக்காலுக்குப் பிள்ளைகள் வருவார்கள். வேனிலிருந்து இறங்குவார்கள். ஆனால் அந்த வேன் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடும் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். கதவு தட்டி, எழுப்பி, காலணி தேடிக் கொடுத்து, ரொட்டியை வாயில் திணித்து ஏற்றிக்கொண்டு வருகிறார் என்று தெரியுமா? அதுவும் தெரியும். ஆனாலும் போன சனிக்கிழமை, அவர் போன மூன்றாம் நாள், நான் என்ன செய்தேன்? வேன் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் மேசை போட்டு, கடிகாரத்தைத் துடைத்து வைத்து, பிள்ளைகள் வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்! துக்கத்தில் மூளை மரத்துவிட்டது என்று சொல்லலாம். பழக்கம் என்பதுதான் உண்மை. வந்தது ஆறு பேர். சொந்தப் பிள்ளைகள் ஒன்பது பேராவது வந்தால்தான் மீதிக்கு இரவல் கேட்க முடியும். பத்து மணிக்கு எதிரணிப் பயிற்சியாளர் கண் கலங்கிப்போய்க் காகிதத்தை நீட்டினார். ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான். நானேதான்!

இந்தப் பருவத்தில் இன்னொரு முறை விட்டுக்கொடுத்தால் இளையோர் அணியின் பெயரை அடித்துவிடுவார்கள். சங்கத்துக்கு நம் துக்கம் தெரியாதா? தெரியும். மலர்வளையம் அனுப்பினார்கள். விதியை மாற்ற முடியாது என்றும் அதே நாளில் எழுதி அனுப்பினார்கள். அணி இல்லையென்றால் ஆகஸ்ட் மாதத் தெரிவுப் போட்டியும் இல்லை. அந்தப் பட்டியலில் நம் ஊரிலிருந்து ஒரே ஒரு பெயர் இருக்கிறது. நோலீன் கையால் எழுதி அனுப்பிய கடைசிப் பெயர். ரெனாட்டா ஸ்கராபெல்லி.

நேற்று முழுவதும் வீடு வீடாகப் போனேன். ஒரு தாய், "நோலீன் இருந்தா அனுப்புவேன், இப்ப யாரை நம்பி அனுப்புறது?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டாள். நியாயமான கேள்வி. ஏழு பேர் கிடைத்தார்கள். ஏழுதான்! இரண்டு இரவாகத் தூக்கமில்லை. இன்றைக்கு இந்த மண்டபத்துக்குள் நுழையும்போது அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். "ரக்பி இளையோர் பயிற்சி, சனிக்கிழமை காலை பத்து மணி." புது நிர்வாகம், புது நேரம். எங்கள் ஆட்டமும் அதே பத்து மணிக்குத்தான்!

டீனோ, இரங்கல் கூட்டத்தில் ஆளைப் பார்த்துப் பேசுவது முறையில்லை. தலைவர் என்னை முறைக்கிறார், பார்க்கிறேன். முறைக்கட்டும்! அவர் போனதோடு அந்தப் பேச்சும் போய்விட்டதா? வெள்ளத்தன்று எட்டுப் பேர் வந்தார்களே, அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் கெஞ்சுகிறேன். இரண்டு பேரை இரவல் கொடுங்கள். ரெனாட்டாவும் எத்தோரேயும் எங்கள் பட்டியலில் இருக்கிறவர்கள்தான், இருந்தாலும் கேட்கிறேன், உங்கள் பிள்ளைகளையே எங்களுக்கு இரவல் கொடுங்கள்.

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், எனக்குக் காது மந்தம்.

"வேன யாரு ஓட்டுறது?"

நான்தான் டீனோ. ஏழு மணிக்கே...

"நீ ஓட்டுனா சனிக்கெழம கெளம்பி ஞாயித்துக்கெழம வந்து சேருவ! சாவிய இங்க குடுய்யா. பயிற்சிய மறுபடி வெள்ளிக்கெழமைக்கு மாத்தச் சொல்லி நான் பேசிக்கிறேன்."

சபையோரே, கேட்டீர்களா? என்னால்... ஒரு நிமிடம் பொறுங்கள். தண்ணீர்.

ஏழும் இரண்டும் ஒன்பது. சரியாக ஒன்பது. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால்? மழை வந்து ஓடை பெருகினால்? என் கவலை தீராது, தீரவும் வேண்டாம். கவலைப்பட்டுக் கதவு தட்டும் வேலையை அவர் விட்டுப் போயிருக்கிறார். அதைச் செய்வோம் என்று அவர் பெயரால் இந்த அவையில் உறுதி கூறுகிறேன். வெள்ளி மாலை நான் ஒன்பது பிள்ளைகளின் வீட்டுக்கும் நடந்து போவேன். பத்தாவது, பதினொன்றாவது பிள்ளைக்காகவும் கதவு தட்டுவேன். யாருடைய வீட்டுக் கதவு என்று கேட்காதீர்கள். உங்களுடையதாகவும் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. இந்த உரை முடிந்ததும் அம்மையாருக்கு மரியாதையாக ஒருமுறை சங்கு ஊதச் சொல்லி நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். சங்கை வீட்டிலிருந்து கொண்டுவந்தேன், இதோ மேசைமேல் இருக்கிறது. இன்றைக்கு ஊத மாட்டேன். இன்று ஊதினால் ஆட்டம் முடிந்ததாகிவிடும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒன்பது பிள்ளைகள் மைதானத்தில் நிற்கும்போது ஊதுகிறேன். கேட்க வாருங்கள்.