ஒரு சொம்பு நல்ல தண்ணீர்

கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, கடையில் உப்பு வாங்கித் தண்ணீரில் கலக்குகிறவன் கடலூரிலேயே நான் ஒருவன்தான் என்று தெருவில் கேலி செய்வார்கள். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துப் பவளம் வளர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும், ஐயா. கரையோரக் கடல்நீரை நம்ப முடியாது. சுத்தமான தண்ணீரில் உப்பை அளந்து கலக்க வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் பவளம் சுருங்கும், வெளுக்கும், செத்துப்போகும். தினமும் காலையில் அவற்றின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் காபி குடிப்பேன்.

எங்கள் வீட்டு போர் தண்ணீரை முதன்முதலில் சோதித்தபோது சோதனைக் குழாய் ரத்தமாகச் சிவந்தது. நைட்ரேட். சுற்றிலும் வயல், போட்ட உரமெல்லாம் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் ஆகாது. பவளம் தாங்காது. அதனால் தொட்டி இருக்கும் என் அறையில் ஒரு வடிகட்டி வைத்தேன். அது சொட்டுச் சொட்டாகத்தான் தரும். வெயில் காலத்தில் தொட்டியில் வற்றுவதை ஈடுகட்டவே சரியாக இருக்கும்.

பங்குனியில் என் தங்கை கயல்விழி பிரசவத்துக்கு வந்தாள். அப்பா அம்மா இல்லை. அவளுக்குத் தாய்வீடு என்றால் நான்தான். ஆண் குழந்தை. தாய்ப்பால் போதாமல் பால்பவுடர் கலந்து கொடுத்தாள். போர் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆற்றி, கண்ணும் கருத்துமாகத்தான் கலக்கினாள். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும். அது கைக்குழந்தையின் ரத்தத்தைக் கெடுத்துவிடும் என்று எப்போதோ படித்திருந்தேன்.

குழந்தையின் உதட்டில் நீலம் ஏறியதை முதலில் கவனித்தது நான்தான். நிறம் பார்த்துப் பழகிய கண். கயல்விழி பிறகுதான் பார்த்தாள். அவள் கணவர் கார்த்திகேசன் பண்ருட்டியிலிருந்து ஓடி வந்தார். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயத்தில் ஓட்டையோ என்று பார்த்தார்கள், இல்லை. அங்கே வேறு தண்ணீர், குழந்தை தேறிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் மறுபடி நீலம். கயல்விழி தில்லைக் காளிக்கு வேண்டிக்கொண்டாள். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அழுதாள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. நான் என்ன செய்ய முடியும்?

கேன் தண்ணீர் வாங்கியிருக்கலாமே என்கிறீர்கள். வாங்கலாம்தான். ஏன் என்று கேட்பாள். சொன்னால், இத்தனை நாளும் தெரிந்தா இருந்தாய் என்பாள். அப்புறம் வடிகட்டி அடுப்படிக்குப் போகும். குழந்தைக்கு வேண்டியது ஒரு சொம்புதான். ஆனால் குடும்பத்தில் எதுவும் ஒரு சொம்போடு நிற்காது.

ஒருநாள் குழந்தை உதடு சிவந்து, கையைக் காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நாளா மோட்டார் ஓடலண்ணா. உன் ரூம்ல வடிகட்டி வச்சிருக்குற தண்ணியிலதான் பால் கலக்குனேன். அது நல்ல தண்ணிதானே?" என்றாள்.

போய்ப் பார்த்தேன். தொட்டியில் தண்ணீர் இறங்கி, உப்பு ஏறி, பவளமெல்லாம் சுருங்கிக் கிடந்தன.

"அதுல கெமிக்கல் கலந்திருக்கு கயலு. புள்ளைக்கு ஆகாது. இனிமே தொடாத," என்றேன்.

அவள் பதறிப்போய்ப் பால்புட்டியைக் கொட்டினாள். மோட்டாரைச் சரிசெய்ய ஆள் வந்ததும், போர் தண்ணீரைப் பிடித்து அடுப்பில் வைத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த வாரமே குழந்தை போய்விட்டான். காதுகுத்துக்கு என் மடியில் உட்கார வேண்டியவன். தாய்மாமன் நான், எனக்கு வலிக்காதா?

"உன் கெமிக்கல் தண்ணியக் குடுத்து நானே கொன்னுட்டேண்ணா" என்று அவள் என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். ஸ்டேஷனில் உங்களிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். அதனால்தான் வந்தேன். அந்தத் தண்ணீர்மேல் பழி விழுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதைவிடச் சுத்தமான தண்ணீர் இந்த ஊரில் கிடையாது. குழந்தையைக் கொன்றது போர் தண்ணீர். தெரிந்தே கொடுக்கவிட்டவன் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு உதவி. நான் உள்ளே இருக்கும் நாளில் யாராவது தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். வாயில்லா ஜீவன்கள், ஐயா. தனக்கு ஆகவில்லை என்று சொல்லக்கூடத் தெரியாது.