ஜூன் மாதத்துக் கிறிஸ்துமஸ்

காலை ரயில் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸைத் தாண்டி பெங்களூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம். எதிர் சீட்டில் இருந்த பெண், பக்கத்துத் தோழியிடம், “கிறிஸ்துமஸ் வேலைய பாதி முடிச்சிட்டேன் செல்வி” என்றதும் என் புத்தகத்தை மூடிவிட்டேன்.

“இப்பவேவா மேரிக்கா? கேக்குக்குப் பழம் ஊறப் போட்டாச்சா?”

“அது அப்புறம். எங்க அண்ணிகிட்ட பேச ஆரம்பிச்சிருக்கேன்.”

“ரெண்டு வருசமா மொகம் குடுக்காதவங்ககிட்டயா!”

“போன வருசம் இருபத்தி நாலாந்தேதி கேக் எடுத்துக்கினு போனேன். ‘பண்டிகைக்காக வந்தியா’ன்னு கதவ சாத்திட்டாங்க. மறுநாள் சர்ச்சுல முட்டி போட்டா எனக்கு ஜெபமே வரல. அதான் இந்த வாட்டி ஜூன்லேருந்தே ஞாயித்துக்கெழம தோறும் போன் போடறேன்.”

“இன்னா சொல்றாங்க?”

“மொதல்ல கட் பண்ணாங்க. அப்புறம் ‘உம்’னாங்க. இந்த ஞாயித்துக்கெழம எனக்கு ஜுரம், போன் போடல.”

“அய்யோ, போச்சா?”

“நேத்து அவங்களே கூப்ட்டு, ‘இன்னாடி, இந்த வாரம் போனே காணோம்?’னு கத்தறாங்க.”

செல்வி கைதட்டினாள். “திட்டறாங்கன்னா சேந்துட்டாங்கக்கா!”

மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “டிசம்பருக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே. அடுத்து, எப்பவும் மொறச்சிக்கினே இருக்கற நம்ம கம்பெனி சூப்பர்வைசர்கிட்ட பேசிப் பாக்கட்டா?”

“அவருக்குப் போன வருசமே ஆரம்பிச்சிருக்கணும்க்கா.”