அமாவாசை மாத்திரை

– மெதுவா பேசுங்க, ஜோசபின் நர்சம்மா. எம் பொண்ணு சின்னக்குழந்த மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்குது. இப்போ வந்துடும்.

– வரட்டும், தீர்த்தகிரி கவுண்டரே. அதுகிட்ட பேசத்தான் சந்தவாசல்லேர்ந்து மலையேறி வந்திருக்கேன். மொதல்ல நீங்க சொல்லுங்க. அதோட வலிப்புக்கு நான் குடுத்த மாத்திரை இன்னும் டப்பா நெறைய கெடக்குதே, எப்படி?

– அமாவாசைக்கு அமாவாசை குடுக்கறோம். வலிப்பு அன்னிக்குத்தானே வரும். மத்த நாள்ல இன்னாத்துக்கு மருந்த வீணாக்கணும்? ஒலகச் சண்டக் காலம், கப்பல்ல வர்ற சரக்குன்னு நீங்கதானே சொன்னீங்க.

– ஏசுவே. தெனம் ராத்திரி ஒண்ணுன்னு சொன்னேனே. வுட்டு வுட்டுக் குடுத்தா வலிப்பு இன்னும் முறுக்கிக்கும். தூக்கத்துல வந்து, பக்கத்துல ஆளில்லன்னா உசுருக்கே ஆபத்து. இத அந்தப் புள்ளகிட்ட சொல்லியே ஆவணும்.

– வேணாம் தாயே. பதினஞ்சு வயசு. சாவுப் பேச்ச காதுல போட்டா பயத்துலயே செத்துடும்.

– யாரு நைனா சாவறது?

– ஒண்ணுமில்ல. அடுப்புல கூழு கொதிக்குது, போய்ப் பாரு புள்ள.

– கொதிக்கட்டும். ஒக்காந்துட்டேன், நீங்க சொல்லுங்க நர்சம்மா. நான் கிட்ட வந்தாலே எல்லாரும் வாய மூடிக்கறாங்க. எனக்கு அதான் புடிக்கல.

– சின்னக்குழந்த, இங்க பாரு கண்ணு. அமாவாசை இல்லாத நாள்ல ஒனக்கு வலிப்பு வந்ததே இல்லியா?

– போன வாரங்கூட வந்துச்சு. காலையில எழுந்தா நாக்கு கடிபட்டு பாயெல்லாம் ரத்தம். வூட்டுக்கு வெளிய கொட்டாயில தனியாத்தானே கெடக்கறேன், யாரு பாத்தா?

– எங்கிட்ட ஏன் புள்ள சொல்லல?

– சொன்னா நீ அழுவ.

– கேளு கண்ணு. இது சாமி குத்தம் இல்ல, மூளையில வர்ற நோவு. இதுல சில பேரு தூக்கத்துலயே திடீர்னு செத்துப் போறாங்க. ரொம்பப் பேரு இல்ல. ஆனா நடக்குது. வலிப்பு அடங்காதவங்களுக்கு ஆபத்து அதிகம்.

– புள்ளகிட்ட மூஞ்சிக்கு நேரா இப்படியா சொல்றது? நாயமா இது?

– இரு நைனா, யோசிக்கறேன். நர்சம்மா, அதுக்கு நான் இன்னா செய்யணும்?

– தெனம் மாத்திரை. நல்லாத் தூங்கணும். ஓடையில தனியா எறங்கக்கூடாது. ராத்திரி பக்கத்துல ஆள் படுக்கணும். வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் போடணும். கையில இரும்பு, வாயில துணி, எதுவும் வேணாம்.

– அவ்ளோதானா?

– அவ்ளோதான். ஆபத்து கொறையும். அடியோட போய்டும்னு பொய் சொல்ல மாட்டேன்.

– கொறஞ்சா போதும். சாமி அடிக்குதுன்னு நீங்கள்லாம் சொன்னப்போ, எப்ப அடிக்குமோன்னு பாத்துக்கினு சும்மாதான் கெடந்தேன். இப்போ எனக்குச் செய்ய வேல இருக்குது. டப்பாவ எங்கிட்ட குடு நைனா, நானே முழுங்கிக்கறேன். இன்னிக்கே பாய எடுத்துக்கினு வூட்டுக்குள்ள வர்றேன்.

– வலிப்புக்காரங்க வூட்டுக்குள்ள படுக்கக்கூடாதுன்னு ஊர்க் கட்டு இருக்குது புள்ள.

– அந்தக் கட்டக் காவந்து பண்ற ஊர்க்கவுண்டரு யாரு? நீதானே. நீயே எடுத்துடு.

– ஊரு சிரிக்கும்.

– சிரிக்கட்டும் நைனா. உசுரோட இருந்து நானும் கூட சேந்து சிரிக்கறேன்.

– கேட்டீங்களா கவுண்டரே? பயத்துல செத்துடும்னீங்க. எனக்கென்னமோ பயம் ஒங்களுக்குத்தான்னு தோணுது.

– நர்சம்மா, தூக்கத்துல உசுரு போய்டும்னீங்களே. அது வயசானவங்களுக்கும் ஆவுமா?

– வலிப்பு இருந்தா எந்த வயசுலயும் ஆவலாம். ஏன் கேக்கறீங்க?

– நைனா, இப்போ எதுக்கு அழுவற?

– ஒங்கம்மாவ ரெண்டு பாயா விரிக்கச் சொல்லு புள்ள, நாளைக்கு ஊரக் கூட்டி அந்தக் கட்ட நானே எடுத்துடறேன். காட்டுப் பன்னிக் காவலுன்னு இத்தினி வருசமா சாமைக் கொல்லையில தனியா படுத்தது பன்னிக்காவ இல்ல, எனக்கும் வலிப்பு வருது.