நடத்தை: அமைதி

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை. காகிதத்தை நான்காக மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. "உனக்குக் கால்ல என்ன சக்கரமாடா, ஒரு இடத்துல உக்காரேன்" என்று அக்கா சின்ன வயதிலிருந்தே திட்டுவாள்.

அத்தானைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். மீனிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஆலையில் தயாராவது பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை. கலவைத் தொட்டிகளைக் கழுவிய நீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விடும் பிரிவுக்குப் பதினோரு வருடமாக நான் பொறுப்பு. கடைசித் தொட்டியில் ஆறு கெண்டை மீன்கள் உண்டு. விடுகிற நீர் நல்ல நீர் என்பதற்கு அவைதான் சாட்சி. தினமும் காலையில் தொட்டிக்கு மேல் கையை நீட்டுவேன். நிழல் விழுந்ததும் ஆறும் ஒன்றாகச் சேர்ந்து அடிக்குப் பாயும். பதிவேட்டில் 'நடத்தை' என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஒரு நாள் அவை பாயவில்லை. கூட்டமாகவும் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு மூலையில் தன்பாட்டுக்கு உலாவிக்கொண்டிருந்தது. ஒன்று என் விரல்வரை வந்து கடித்துப் பார்த்தது.

மருந்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய வடிகட்டிக் கரி சக்தி தீர்ந்துபோயிருந்தது. அதை மாற்ற வேண்டிய தேதி கடந்து நான்கு மாதம். மாற்றியாயிற்று என்று கையெழுத்துப் போட்டிருந்தது நான். மறதிதான், வேறொன்றுமில்லை. நாளைக்கு மாற்றிவிடலாம் என்று முன்கூட்டியே போட்ட கையெழுத்து.

எழுந்தேன், உட்கார்ந்தேன், பேனாவை மூடினேன், திறந்தேன். இப்போது புதுக் கரி கேட்டு வாயைத் திறந்தால் நான்கு மாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். 'இயல்பு' என்று எழுதினால் பொய். ஆகவே 'அமைதி' என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் நான் பொய்யே எழுதியதில்லை, புரட்டிப் பாருங்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரிகூட, "மீனை நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்களே" என்று தோளில் தட்டினார். சொல்லாமல் விட்ட நாட்களோடு தினமும் இன்னொரு நாள் சேர்ந்துகொண்டே போனது.

அத்தான் ஆலைக்குக் கீழே வலை போடுபவர். அந்த வருடம் அவருக்கு அப்படியொரு யோகம். "வலையே வேணாம் மச்சான், கூடையை நீட்டினா போதும், உள்ள வந்து உக்காந்துக்குதுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சோற்றில் கைவைத்தபடி சிரிப்பது எனக்குச் சிரமமாக இருந்தது.

கொக்குகளுக்கும் அதே யோகம்தான். மீன்கள் பட்டப்பகலில் கொக்கின் காலடியிலேயே போய் மேய்ந்தன. மீன்குஞ்சுகள் பாசிக்குள் ஒளியவில்லை. பெரிய மீன்கள் அவற்றைத் தின்றன, பெரியவற்றைப் பறவைகள் தின்றன. அடுத்த வருடம் அத்தானின் வலை வெறும் வலையாகத் திரும்பியது. அக்கா வேறு வீடுகளில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

போன ஞாயிறு மத்தியானம் அத்தான் இரண்டு வாளியோடு ஆலைக்கு வந்தார். விடுமுறை நாள், நான் மட்டும் இருந்தேன். எதையோ பூட்டுவதும் திறப்பதுமாக அங்கே சுற்றிக்கொண்டிருப்பதுதான் என் விடுமுறை.

"மச்சான், இத பாரு. இது உங்க ஆலைக்கு மேல பிடிச்சது." கையை நீட்டினார். மீன்கள் வாளிச் சுவரில் முட்டி மோதின. "இது கீழ பிடிச்சது." மீண்டும் கையை நீட்டினார். ஒன்றும் அசையவில்லை. "இது சீக்கு இல்ல. மீனுக்குப் பயம் விட்டுப்போச்சு. பயம் இல்லாத மீனு எத்தனை நாளைக்கு உசிரோட இருக்கும்?"

படித்தவர்கள் யாருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றிவிட்டது. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

"நாளைக்குக் காலைல கலெக்டர் ஆபீசுல கொண்டுபோய்க் காட்டப் போறேன். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போனா தப்பாயிரும்ல, அதான் வந்தேன்."

"வாளிய மட்டும் காட்டினா நம்ப மாட்டாங்க அத்தான். கழிவுக் குழியில நீங்களே ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போங்க" என்றேன். யோசித்துப் பாருங்கள், அது நல்ல யோசனைதான்.

அந்தக் குழியில் விஷவாயு தேங்கும். இறங்குவதற்கு முன் அரைமணி நேரம் உள்ளே காற்றடிக்கும் புளோயரை ஓடவிட வேண்டும். ஆலையில் இது தெரியாதவர் கிடையாது. அத்தான் ஆலைக்காரர் இல்லை.

"இறங்கலாம்ல?" என்று ஏணியில் கால் வைத்துக் கேட்டார்.

"இறங்குங்க" என்றேன்.

புளோயரின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் குனிந்து பார்த்தபோது என் நிழல் அவர் மேல் விழுந்தது. அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். பயமே இல்லை. பிறகு பாட்டில் கையிலிருந்து நழுவியது. உட்காருவதுபோல் சரிந்தார்.

தள்ளினாயா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். தள்ளவில்லை. போட வேண்டும் என்று தெரிந்தே புளோயரைப் போடவில்லை. நாற்பது நிமிடம் கழித்துப் போட்டேன். மேல் ஆற்று மீன்களை மட்டும் ஆற்றிலேயே விட்டேன். அந்த வாளிக்குள் அவை முட்டிக்கொண்டே இருந்தது எனக்குத் தாங்கவில்லை. பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன். அக்காவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை.

அன்றைய பதிவேட்டிலும் விட்டுப்போகாமல் 'அமைதி' என்று எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். நீங்கள் எழுதுவதிலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எல்லாவற்றையும் அமைதியாகச் சொன்னான்.

காகிதம் வைத்ததற்கு நன்றி. இன்னும் ஆடுகிறது. வேறு நாற்காலி இருந்தால் கொடுங்கள்.