நாப்பத்தி ரெண்டாம் டோக்கன்

இல்லண்ணே, ஜன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும். கால நீட்டிக்குங்க. வீங்கியிருக்கே... செருப்பு வாரு அழுத்தின தடம் அப்படியே பள்ளமா நிக்குது பாருங்க. எத்தினி நாளா? பொங்கலுக்கு முன்னாலேர்ந்தா? நடவுல நின்னு நின்னு வர்றதுங்கறீங்க. இருக்கலாம், இருக்கலாம்.

எனக்கா? வேர்க்குதா? ஓடியாந்து ஏறினேன், அதான். பஸ் ஸ்டாண்டுல நின்ன பாகூர் வண்டி அத்தினிலயும் ஏறி எறங்கினேன், ஒருத்தரைத் தேடிக்கிட்டு.

வேலை வந்து... கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதறது. எங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தா, அதான் சிப்பாயி. அந்தப் பாத்தியதைல நானும் போயி பதினெட்டு வருஷம் பிரான்சுல இருந்தேன். போன வருஷம்தான் திரும்பி வந்து லாஸ்பேட்டைல வீடு எடுத்திருக்கேன். இங்க ஒரு ரத்தம் பாக்கற லேபுக்கு எழுதிக் குடுத்தேன். மெஷினு ரத்தத்தைப் பாத்து கோடு கோடாத் தள்ளும். அதக் கணக்குப் போட்டு, உப்பு இவ்ளோ, சக்கரை இவ்ளோன்னு பேரோட அடிச்சுக் குடுக்கறது என் புரோகிராமு.

அட, சீக்கிரம் குடுக்க மாட்டீங்களான்னு நீங்களும் கேக்கறீங்க. லேப்காரரும் அதான் கேட்டாரு. பதினோரு மணிக்கு கவுண்டர்ல ஒரே கூட்டம், சத்தம். அதுக்குன்னே லைப்ரரின்னு ஒண்ணு இருக்குண்ணே. புஸ்தகம் வச்சிருக்கற எடம் இல்ல, யாரோ கெட்டிக்காரங்க செஞ்சு வச்சத நம்ம எடுத்துப் பொருத்திக்கறது. கம்ப்யூட்டருக்குள்ள எத்தினி மூளை இருக்கோ அத்தினிக்கும் வேலையப் பிரிச்சு ஒரே நேரத்துல குடுத்துடும். நான் சேத்தது ஒத்த வரி. ஒத்த வரிண்ணே.

எப்படிச் சொல்றது... உங்க ஊர்ல மாவு மில்லு இருக்குல்ல? டப்பாவ வரிசையா வைப்பாங்க. ஒரு மெஷினா இருந்தா, போன வரிசைலயே மாவா வெளிய வரும். ரெண்டு மெஷின் போட்டுப் பாருங்க. பின்னால வந்தவன் டப்பா முன்னால அரைஞ்சு வந்துடும்ல? வாசல்ல ஒக்காந்து வரிசையாப் பேரு கூப்புடறவனுக்கு அது தெரியாது. அவன் பாட்டுக்கு எடுத்து எடுத்துக் குடுப்பான். ஆங்! உங்க கேவுரு இன்னொருத்தன் வீட்டுக்குப் போயிடும். நீங்க ஒரு நிமிஷத்துல புடிச்சுட்டீங்க. பதினெட்டு வருஷம் இதே தொழில் பண்ணவன், எனக்கு எட்டல. டப்பா மேல பேரு எழுதல நான். வரிசைய நம்பிட்டேன்.

சோதிச்சுப் பாக்காம இல்ல. நூறு தடவ பாத்தேன். ஆனா என்கிட்ட இருந்தது ஒத்த மூளைக் கம்ப்யூட்டரு. லேப்லயும் அப்ப அதான், புதுசு வாங்கப் போறோம்னாங்க. பழசுல இந்தத் தப்பு வரவே வராது. நேத்து சாயங்காலம் லேப்ல புதுசு வந்து எறங்குச்சு, ரெண்டு மூளை வச்சது. சரியா ஓடுதான்னு பாக்கலாம்னு காலைல என் ரத்தத்தையே குடுத்தேன். டோக்கன் நாப்பத்தி ஒண்ணு.

உப்பு ஒம்பதுன்னு வந்துச்சுண்ணே. ஒண்ணுக்குக் கிட்ட இருக்கணும் அது. ஒம்பதுன்னா கிட்னி நின்னு போற நெலம. லேப்ல சிவசங்கரின்னு ஒரு பொண்ணு இருக்கு, சார் இன்னைக்கே பெட்ல சேந்துடுங்கன்னுச்சு. எம்பொண்ணு அபி பிளஸ் டூ படிக்குது. காலைல அதுக்குச் சைக்கிள்ல காத்தடிச்சுக் குடுத்தேன், அந்தப் பம்பு வாசல்லயே கெடக்குமேன்னு நெனக்கறேன். பயத்துல புத்தி எங்கெங்கயோ போவுது.

அப்பறம்தான் சந்தேகம் வந்துச்சு. பழைய கம்ப்யூட்டர் மூலைல கெடந்துச்சு. காலைல மெஷின் தள்ளின அதே கோடுங்கள அதுல ஓட்டிப் பாத்தேன். எனக்கு ஒண்ணேதான். சிரிச்சுட்டேண்ணே, பைத்தியக்காரன் மாதிரி. வாசல்ல கரும்பு ஜூஸ் வாங்கினேன். பாதி கிளாஸ அப்படியே வச்சுட்டேன்.

அந்த ஒம்பது காத்துல வரலையே. ஒருத்தரு ரத்தந்தானே அது.

உள்ள ஓடிப்போயி மெஷின நிறுத்தச் சொன்னேன். காலைல ரிப்போர்ட் வாங்கினவங்க எல்லாரையும் திரும்பக் கூப்புடுது சிவசங்கரி. அந்த ஒம்பதுக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் போன் நம்பர் இல்ல. ஒண்ணும் இல்லன்னு போட்டிருந்ததும், சாமிக்குக் கும்புடு போட்டுட்டு பாகூர் பஸ்ஸுக்குப் போனாருன்னுச்சு. காலு வீங்கியிருக்கும் சார், அத வச்சுப் பாருங்கன்னுச்சு.

அந்த அல்வாப் பொட்டலம் வீட்டுக்குத்தானே? சூடு ஆறலபோல, எண்ண கசியுது.

பொய் சொல்ல மாட்டேன். அரியாங்குப்பம் வர்ற வரைக்கும், பேசாம எறங்கிப் போயிடலாமான்னுதான் இருந்தேன். என் ஒடம்பு நல்லாருக்கு, யாருக்குத் தெரியப் போவுது. இந்த மொகத்தப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு பயம் பக்கிரிண்ணே.

ஆமா. நீங்க பேரு சொல்லல. என் சட்டைப் பையில சரியான தாளு இருக்கு, நாப்பத்தி ரெண்டு போட்டு.

பதறாதீங்க. இன்னைக்கே போனா வைத்தியம் இருக்கு, கேட்டுட்டுத்தான் வந்தேன். நோணாங்குப்பத்துல எறங்கி ஆஸ்பத்திரிக்குத் திரும்பிடலாம், கண்டக்டர்கிட்ட ரெண்டு பேருன்னு சொல்லிட்டேன். நானும் கூட வர்றேன், விட்டுட்டுப் போவ மாட்டேன். பொட்டலத்த இப்படிக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன். பாத்து... காலு.