தலைவர் வயிற்றில் ஊதாக் கட்டி

பொன்னுராஜ்: மெதுவாப் பேசுடி! எதுத்த பெஞ்சுல உக்காந்திருக்கவன் நம்ம போடி பஜார் ஆளு.

கிருபாவதி: இருந்துட்டுப் போகட்டும். ஏலக்காய் சங்கத் தலைவருக்கு வயிறே இல்லைன்னா நெனச்சிருந்தான்?

பொன்னுராஜ்: கட்டுன பொண்டாட்டி பேசுற பேச்சா இது! அல்சர்னு சொல்லி வச்சிருக்கேன். அதுலயே நில்லு.

கிருபாவதி: குழாயை விட்டுப் பாத்த டாக்டரு அப்படிச் சொல்லலையே. ஊதா நெறத்துல கட்டி கட்டியா இருக்கு, ரத்தம் கசியுதுன்னாரு.

பொன்னுராஜ்: பீட்ரூட் தின்னிருப்பேன்.

கிருபாவதி: பீட்ரூட்டையா கிள்ளி மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பியிருக்காக? புத்துநோயா இருக்கும்ங்குறாக. எதிர்ப்புச் சக்தி போன ஒடம்புலதான் இந்தக் கட்டி வருமாம். எச்.ஐ.வி. சோதிக்கச் சம்மதமான்னு கேட்டா, பந்தியில சோறு போதும்ங்குற மாதிரி கையை ஆட்டுறீக!

பொன்னுராஜ்: யாருகிட்ட கேக்குறாரு? கம்பத்துல இருந்து போடி வரைக்கும் எனக்குப் பொன்னாடை போத்தாத ஆளு உண்டா?

கிருபாவதி: போத்துனவுக வெளியிலதான போத்துனாக... கட்டி உள்ளல்ல இருக்கு.

பொன்னுராஜ்: வேற டாக்டரைப் பாப்போம்.

கிருபாவதி: இவரே மூணாவது. முன்ன ரெண்டு பேரும் உங்க பேச்சைக் கேட்டு அல்சர் மாத்திரையாக் குடுத்தாக. வேட்டி இடுப்புல நிக்கலை. இதையும் மறைச்சா ஆளு தாங்காதுங்குறாரு.

பொன்னுராஜ்: ...சோதிக்க வேண்டியதில்ல.

கிருபாவதி: ஏனாம்?

பொன்னுராஜ்: சோதிச்சாச்சு. போன வருசம்... ஏலத்துக்குப் போனப்ப, குமுளிக்கு அங்கிட்டு. இருக்குன்னுட்டாக.

கிருபாவதி: அட மனுசா! அதை மொத டாக்டருகிட்டயே சொல்லியிருந்தா?

பொன்னுராஜ்: எப்படிச் சொல்ல? அங்கன குடுத்த பேரு வேற.

கிருபாவதி: யாரு பேரு?

பொன்னுராஜ்: ...வீரபாண்டி.

கிருபாவதி: சங்கத் தேர்தல்ல உங்களை எதுத்து நின்னு தோத்த வீரபாண்டியா!

பொன்னுராஜ்: திடுதிப்புன்னு கேட்டா... வாயில அவன் பேருதான் வந்துச்சு.

கிருபாவதி: பதவியப் பிடுங்கிக்கிட்டு நோயைக் குடுத்திருக்கீக...

பொன்னுராஜ்: சிரிக்காதடி. அங்கன இருந்த மலையாள நர்சு "வீரபாண்டிச் சேட்டா"ன்னு கூப்பிடுது... அவன்தான் வந்துட்டானோன்னு நான் திரும்பிப் பாக்குறேன்.

கிருபாவதி: மருந்து?

பொன்னுராஜ்: வாங்குனா ஊருக்குத் தெரிஞ்சிரும்ல?

கிருபாவதி: ஆக, ஒரு வருசமா மருந்தே இல்ல.

பொன்னுராஜ்: கிருபா... என்னால ஒனக்கும்... நீயும் சோதிக்கணுமோ?

கிருபாவதி: ரெண்டு வருசத்துக்கு முன்ன எனக்கு அக்கி வந்துச்சே, அப்பவே சோதிச்சாக. பெரியாஸ்பத்திரியில மாசாமாசம் மாத்திரை வாங்குறேன்.

பொன்னுராஜ்: ஜெபக்கூட்டம்னு போனியே...

கிருபாவதி: போனது ஆஸ்பத்திரிக்குத்தான்.

பொன்னுராஜ்: எங்கிட்ட ஏண்டி சொல்லல?

கிருபாவதி: நீங்களா வாயைத் தொறப்பீகன்னு பாத்தேன். மைக்கைக் குடுத்தாத்தான் தொறப்பீக போல.

பொன்னுராஜ்: ...நீ என்ன பேரு குடுத்த?

கிருபாவதி: எம்பேருதான். புருசன் எங்கன்னு கேட்டாக. தலைவரு மானம் போயிருமேன்னு, செத்துட்டாருன்னு சொல்லிட்டேன். எந்திரிங்க... மொதல்ல இந்த டாக்டருகிட்ட நீங்க உண்மையச் சொல்லுங்க. அங்கன போயி, நீங்க இன்னும் சாகலைன்னு நான் சொல்லிக்கிறேன்.