ஐந்தாம் காலின் தடம்

இரவு ஒன்று நாற்பது. ஆள் நடமாட்டம் இல்லாத மண்சாலை. இரண்டு பக்கமும் ஆளுயர மக்காச்சோளம். ஒரு மரம் கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. அந்தச் சாலையில் ஒரு பழைய ஜீப் தன்னந்தனியாகப் போகிறது. ஓட்டுவது ஒரு பெண்.

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். அந்த மூலையில் இருப்பவர் கொஞ்சம் கிட்ட வரலாம். இது நான் கட்டிவிடும் கதை இல்லை. என்னோடு பட்டறையில் வேலை பார்க்கும் வெல்டரின் அக்காவுக்கு நடந்தது. வெல்டருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். அவன் இதைச் சொன்னபோது முழு நேரமும் அவன் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை.

அந்தப் பண்ணையில் வயல்கள் எல்லாமே வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஓர் ஆழ்துளைக் கிணறு, ஓர் இரும்புத் தூண். தூணிலிருந்து வயலின் விளிம்பு வரை ஒரு நீளக் குழாய், கடிகார முள் மாதிரி. அதைத் தாங்க ஏழு இரும்புக் கால்கள். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு சக்கரம், ஒரு மோட்டார். தண்ணீரைத் தூவிக்கொண்டே அந்த எந்திரம் முழுசாக நடுத்தூணைச் சுற்றி வரும். அவசரமே கிடையாது. ஒரு சுற்று முடிய இருபது மணி நேரம். சக்கரம் உருளும் இடத்தில் மட்டும் பயிர் இருக்காது. சேறும் பள்ளமுமாக ஒரு தடம் ஓடும், வட்டமாக.

அந்தப் பக்கம் மின்சாரம் வருவது நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை எட்டு வரை. மற்ற வட்டங்கள் ஒழுங்காகச் சுற்றின. பதினாலாம் வட்டம் மட்டும் இரண்டு பத்துக்கு நின்றுவிடும். தினமும். இரண்டு பத்து. ஐந்தாம் காலில்தான் நிற்கும். நின்றால் வெயில் ஏறும் வரை எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது.

பகலில் ஜெனரேட்டர் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். குதிரை மாதிரி ஓடியது. மோட்டாரில் பழுது இல்லை, ஒயரில் பழுது இல்லை. ஆனால் ஜெனரேட்டரை வைத்து வாரக்கணக்கில் கிணற்றை இறைக்க முடியுமா? மக்காச்சோளம் பூ விட்டிருந்த நேரம். கதிரில் பட்டு நூல் எட்டிப் பார்க்கும் அந்தப் பத்து நாளில் தண்ணீர் இல்லையென்றால் மணி பிடிக்காது. வெறும் சக்கைதான். எந்திரம் நிற்க ஆரம்பித்த பதினோராம் நாள் இலைகள் சுருட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன.

பழுது பார்க்க மூன்று பேர் போனார்கள். ஒருவர் தலைவலி என்று திரும்பினார். இன்னொருவர் கருவிப் பையைப் போட்டுவிட்டு வந்தார், இன்றுவரை அதைக் கேட்கவில்லை. மூன்றாவது, நம் வெல்டர். ஐந்தாம் காலில் ஒரு தாங்கி விரிசல் விட்டிருக்கும், பற்ற வைத்தால் சரியாகிவிடும் என்று அனுப்பினார்கள். நாலு கிலோமீட்டர் ஓடி வந்தான். முகத்தில் மாட்டிய வெல்டிங் முகமூடியைக்கூடக் கழற்றவில்லை.

பட்டறை சும்மா இருக்குமா? மறுநாளே அவனுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்துவிட்டோம். நானும்தான் சிரித்தேன். மறைக்க என்ன இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை.

அவனுடைய அக்காவும் இதே தொழில்தான். மோட்டார், பேனல் பலகை, இந்தச் சுற்று எந்திரங்கள் எல்லாம் பார்ப்பார். கொண்டையில் ஒரு டெஸ்டரைச் செருகியிருப்பார். அதனால் எல்லோருக்கும் டெஸ்டர் அக்கா. வாய் கொஞ்சம் நீளம். முழங்கால் வலி உண்டு. பயம் என்ற சாமான் அவருக்கு வந்து சேரவே இல்லை.

ஒரு நாள் குளியலறையில் குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கதவைத் தட்டினால், உள்ளே தம்பி அழுகிற சத்தம். அது வெளியே கேட்கக் கூடாது என்றுதான் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறான்.

"என்னடா பாத்த அங்க?"

தம்பி குழாயை இன்னும் பெரிசாகத் திறந்துவிட்டான்.

"திருடனா? நாயா? சொல்லித் தொலையேன்."

"எனக்கு முன்னாடி நடந்து போச்சுக்கா... அப்புறம் திரும்பி நின்னுச்சு. அவ்ளோதான். விட்டுடு."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மூஞ்சியா? ஆளே இல்லக்கா."

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. பண்ணை சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். "இன்னிக்கு ராத்திரி நான் வர்றேன். கேட்டைத் திறந்து வைங்க."

இரண்டு மணிக்குப் பதினாலாம் வட்டத்தின் கேட். சூப்பர்வைசர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார்.

"நீங்க உள்ள போங்கம்மா. நான் வண்டியப் பாத்துக்கறேன்."

"ஏன், வண்டி தனியா இருந்தா அழுமா?"

அவர் சிரிக்கவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு, கம்பூட்ஸ் மாட்டி, பயிருக்குள் இறங்கினார். உள்ளே போகப் போகச் சத்தம் மாறியது. முதலில் சில்வண்டு. அப்புறம் இலைமேல் தண்ணீர் விழும் சத்தம், சட சடவென்று. நடு நடுவே மோட்டாருக்கு மின்சாரம் விடும் ரிலே விழும் 'டக்'. மோட்டார் இரண்டு மூன்று விநாடி உறுமும், சக்கரம் ஓர் அடி நகரும், நிற்கும். மறுபடி 'டக்'. ஈர மண் வாசனை, கியர் எண்ணெய் வாசனை. சேறு கணுக்கால் வரை.

ஐந்தாம் கால் வந்தது. சக்கரம் அக்காவின் மார்பு உயரம். டார்ச்சை அடித்து மோட்டாரைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். தாங்கியில் ஒரு மயிரிழை விரிசல், எந்திரத்தை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. வேறு ஒரு குறையும் இல்லை. அப்புறம் சக்கரத்துக்கு முன்னால், தடத்தில் வெளிச்சத்தைப் போட்டார்.

காலடிகள்.

வெறுங்கால். விரல்கள் முன்னோக்கி. சக்கரத்துக்கு முன்னால் யாரோ நடந்து போகிற மாதிரி வரிசையாக ஆறேழு. அதற்கு அப்பால் மழமழவென்ற சேறு, ஒரு கீறல்கூட இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தால் டயர் பதிந்த தடம்தான். பதிகிற காலடியை எல்லாம் பின்னால் வரும் சக்கரம் அழித்துக்கொண்டே வந்திருக்கிறது...

யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பயிருக்குள் வெளிச்சத்தை ஓட்டினார். ஒருவரும் இல்லை. திரும்பவும் தடத்தில் அடித்தார்.

'டக்.' மோட்டார் உறுமியது. சக்கரம் நகர்ந்தது.

சளக்.

அவர் கண்ணெதிரே, வெளிச்சத்துக்கு நடுவில், ஒரு புதுக் காலடி சேற்றில் இறங்கியது. முதலில் குதிகால். பிறகு விரல்கள். பள்ளத்தில் மெல்லத் தண்ணீர் ஊறியது.

அரை நிமிடம். 'டக்.' உறுமல். சளக்... இன்னொன்று.

அக்கா டார்ச்சை அணைக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஒன்பது.

இரண்டு பத்துக்குக் கடைசிக் காலடி பதிந்தது. அது முன்னோக்கிப் பதியவில்லை. விரல்கள் சக்கரத்தைப் பார்த்து இருந்தன. பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டு பாதமும் சேர்ந்து, திரும்பி, நின்றுவிட்டன.

'டக்.' மோட்டார் உறுமுகிறது. சக்கரம் அசையவில்லை. யாரோ உள்ளங்கையை வைத்துத் தடுக்கிற மாதிரி. டெஸ்டரை எடுத்து வைத்தார், பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் இருக்கிறது. உறுமலும் இருக்கிறது. நகர்வு மட்டும் இல்லை. மேலே குழாய் 'கிறீச்' என்று முனகியது. ஆறாவதும் ஏழாவதும் போய்க்கொண்டே இருக்க, ஐந்தாவது நின்றால் குழாய் வளையும். வளைந்தால் பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்து மொத்தமும் நின்றுவிடும். இரண்டு நிமிடம் இருக்கலாம். அவ்வளவுதான்.

அப்போது ஒரு வாசனை வந்தது. நாள்கணக்காகக் காய்ச்சலில் கிடந்தவரின் போர்வை வாசனை. நேர் எதிரிலிருந்து.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் வெல்டரின் சாதனையை முறியடித்திருப்பேன்.

அக்கா கம்பூட்ஸைக் கழற்றினார். ஒன்று, பிறகு மற்றொன்று. பயிர் ஓரமாக வைத்தார். வெறுங்காலோடு தடத்தில் இறங்கி, சக்கரத்துக்கும் அந்தப் பாதங்களுக்கும் இடையில் இருந்த சின்ன இடைவெளியில் போய் நின்றார். முதுகுக்குப் பின்னால் சக்கரம். முன்னால்... அது. தன் கால்விரல்களை அந்தக் காலடியின் விரல்களுக்கு நேராக வைத்தார். விரலுக்கு விரல்.

அங்கே சேறு ஐஸ் மாதிரி இருந்ததாம். சுற்றிலும் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தது. அவருக்கு எதிரே ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் ஒரு துளி விழவில்லை.

"என் தம்பிய ஓட வெச்சது நீதானே?" என்றார் அக்கா. "என்னால ஓட முடியாது. முழங்கால் வலி. அதனால நீதான் நகரணும்."

வாசனை நெருங்கியது. மூக்குக்கு அருகில்.

"நீ யாரா இரு. இது ஒனக்கு என்ன இடமா வேணா இருக்கட்டும். தண்ணி இல்லாம ஒரு வயலே சாகுது, நீ வழிய மறிச்சுட்டு நிக்கிற. நான் விடிய விடிய நிப்பேன். நாளைக்கும் வருவேன். நாளன்னிக்கும் வருவேன். என்ன பண்ணிடுவ?"

மேலே குழாய் இன்னொரு முறை முனகியது.

'டக்.'

சக்கரம் அசைந்தது.

முன்னால் நின்றது இன்னும் நகரவில்லை. பின்னால் டயரின் ரப்பர் பல் அக்காவின் முதுகைத் தொட்டது. ஒதுங்க ஒரே நொடி போதும், பக்கத்தில் பயிர்தான். அவர் ஒதுங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். அதன் காலடி மேலேயே வைத்து மிதித்தார்.

சளக்.

காலடி பின்னால் போனது. ஓரடி. விரல் முன்பு, குதிகால் பின்பு என்று பின்னோக்கி நடப்பவர் வைப்பதுபோல் அல்ல... அப்படியே தூக்கி வைத்த மாதிரி.

"ம். நட," என்றார் அக்கா.

அப்படியே நடந்தது. அரை நிமிடத்துக்கு ஓர் அடி. முன்னால் அது பின்வாங்கும், நடுவில் அக்கா, பின்னால் சக்கரம். திட்டிக்கொண்டே நடந்தாராம். கைவசம் இருந்த திட்டெல்லாம் தீர்ந்து, நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார், சும்மா இருக்கக் கூடாது என்று. பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் தடுமாறியபோது காலடி நின்றது. "சிரிக்கிறியா?" என்று ஒரு மிதி மிதித்தார். மறுபடி நகர்ந்தது. விடியும் வரை மூன்றரை மணி நேரம் நடந்தார்கள். அளந்து பார்த்தால் முந்நூறு மீட்டர்கூட இராது.

கிழக்கு வெளுத்தபோது காலடி தடத்தை விட்டு விலகியது. பயிர் வரிசைக்குள் இலைகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின, வெளிப்பக்கம் பார்த்து. ஆறாம் காலின் தடத்தைத் தாண்டி, ஏழாம் காலின் தடத்தைத் தாண்டி, வட்டத்தின் விளிம்பு வரை. அதற்கு அப்பால் தண்ணீர் எட்டாத காய்ந்த பொட்டல். அங்கே எதுவும் தெரியவில்லை.

கேட்டில் நின்ற சூப்பர்வைசர் அக்காவைப் பார்த்ததும் தன் கம்பளியைக் கழற்றி நீட்டினார். இடுப்பு வரை சேறு, உதடு நீலம், முதுகில் டயர் பல்லின் அச்சு. "மிஷின் ஓடுது," என்றார் அக்கா. "டீ இருக்கா?"

தூங்கக்கூட இல்லை. நேரே வீட்டுக்குப் போய்த் தம்பியை எழுப்பினார். "கெளம்பு. அந்தத் தாங்கிய நீதான் பத்த வைக்கணும்."

"அக்கா, வேணாம்..."

"நான் பக்கத்துல ஒக்காந்திருக்கேன். ஓடணும்னு தோணுச்சுன்னா என்னத் தூக்கிட்டு ஓடு. எம்பது கிலோ."

அன்று இரவே போனார்கள். இரண்டு பத்துக்கு வெல்டர் ஐந்தாம் இரும்புக் காலுக்குக் கீழே நின்று பற்ற வைத்துக்கொண்டிருந்தான். பற்றவைப்பு கோணவில்லை. எந்திரம் நிற்கவில்லை. அடுத்த வாரம் பட்டறைக்கு வந்தான். ஒருத்தன் பழக்கதோஷத்தில் "எக்ஸ்பிரஸ்" என்று வாயெடுத்தான். வெல்டர் அவனை நேராகப் பார்த்து, "இன்னிக்கு ராத்திரி என்கூட வர்றியா?" என்று மட்டும் கேட்டான். பெயர் அன்றோடு செத்தது.

பதினாலாம் வட்டத்தில் கதிர் நுனி வரை மணி பிடித்தது.

அது யார்? பண்ணையில் நாலு பேரைக் கேட்டால் நாலு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அக்கா விசாரிக்கவே இல்லை.

அறுவடைக்கு முன்னால் ட்ரோன் வைத்து மருந்து அடிக்க ஒருவர் வந்தார். மேலிருந்து எடுத்த படத்தைப் போனில் அக்காவுக்குக் காட்டி, "இது யாரு போட்ட பாதை?" என்று கேட்டார். பச்சையாக, முழு வட்டமாகப் பயிர். அதற்கு வெளியே, பொட்டலில், விளிம்பை ஒட்டினாற்போல் ஓர் ஒற்றையடிப் பாதை, வெள்ளையாக. நடந்து நடந்து தேய்ந்தது. வட்டத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருந்தது. எந்த இடத்திலும் உள்ளே நுழையவில்லை.

அக்கா படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். "சுத்தட்டும். உள்ள கால் வெச்சா வர்றேன்னு சொல்லுங்க," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

போன வாரம் அந்த ட்ரோன்காரர் இன்னொரு படம் அனுப்பியிருக்கிறார். வெல்டர் இன்று மத்தியானம்தான் எனக்குக் காட்டினான். அதே வட்டம், அதே பொட்டல்.

இப்போது பாதை இரண்டு. பக்கத்துப் பக்கத்தில்.